எட்டுப் பெயர்கள்: எலியா கசானும் காட்டிக்கொடுத்தலின் அறமும்

1999ஆம் ஆண்டு மார்ச் 21ஆம் திகதி இரவு லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 71ஆவது ஒஸ்கார் விருது விழா நடந்தது. வாழ்நாள் சாதனைக்கான கௌரவ விருதைப் பெறுவதற்காக 89 வயதான நெறியாளர் எலியா கசான் மேடைக்கு வந்தார். விருதை வழங்கியவர்கள் மார்ட்டின் ஸ்கோர்செஸியும் ரொபேர்ட் டி நீரோவும். மண்டபத்தில் ஒரு பகுதியினர் எழுந்து நின்று கைதட்டினர். இன்னொரு பகுதியினர் இருந்தபடியே தட்டினர். நிக் நோல்ட்டி, எட் ஹரிஸ் போன்ற சில நடிகர்கள் எழவுமில்லை, தட்டவுமில்லை. மேடையைப் பார்த்தபடி அசையாமல் இருந்தனர். மண்டபத்துக்கு வெளியே எதிர்ப்புப் பதாகைகளுடன் பலர் நின்றனர். கசான் சுருக்கமாக நன்றி கூறிவிட்டு இறங்கினார். 47 வருடங்களுக்கு முன் தான் செய்த ஒரு காரியத்தைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

சில வருடங்களுக்கு முன் நண்பர்கள் சிலர் கூடியிருந்து அந்த விழாவின் ஒளிப்பதிவைப் பார்த்தோம். கசானின் கதை தெரியாத நண்பருக்கு மற்றொருவர் அதைச் சுருக்கமாக விளக்கினார். கேட்டவர் உடனே சொன்னார்: "அப்ப உவர் தலையாட்டியெல்லே? தலையாட்டிக்கு என்னத்துக்குப் பரிசு?" இன்னொருவர் குறுக்கிட்டார்: "எங்கட ஆக்களிட்டை அகப்பட்டிருந்தா உவர் எண்பத்தொன்பது வயசு மட்டும் இருந்திருப்பாரோ?" எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடிந்தபின் சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. அந்த இரண்டு கேள்விகளையும் நாம் இன்னும் தீர்க்கவில்லை என்பதனாலேயே இதை எழுதுகிறோம்.

*

கசானும் ஒரு புலம்பெயர்ந்தவர்தான். 1909இல் அன்றைய ஒட்டோமன் பேரரசின் தலைநகரான கொன்ஸ்தாந்திநோப்பிளில் பிறந்தார். பெற்றோர் அனத்தோலியாவின் கைசேரிப் பகுதியைச் சேர்ந்த கிரேக்கர்கள். துருக்கியரின் ஆட்சியில் சிறுபான்மையினராய் இருந்தவர்கள். 1913இல், நான்கு வயது நிரம்புமுன்னரே, கசான் அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டார். தகப்பன் கம்பள வியாபாரி. மகனும் கடையைப் பார்க்கவேண்டுமென்பது அவரது விருப்பம். மகனோ நாடகத்துக்குப் போனார்.

1931இல் நியூயோர்க்கில் 'குரூப் தியேட்டர்' என்ற நாடகக்குழு தொடங்கப்பட்டது. பொருளாதார மந்தத்தின் நடுவே, வேலையற்றோரும் பசித்தோரும் நிறைந்த ஒரு நகரத்தில், சமூகத்தை மாற்றும் நாடகம் செய்வோம் என்று கிளம்பிய இளைஞர் குழு அது. கசான் அதில் சேர்ந்தார். 1934இல் குழுவுக்குள் இருந்த சிலருடன் கொம்யூனிஸ்ட் கட்சியிலும் சேர்ந்தார். ஏறக்குறைய ஒன்றரை வருடங்களின் பின், 1936இல், வெளியேறினார். நாடகக்குழுவைக் கட்சி கைப்பற்ற வேண்டுமென்ற கட்டளைக்கு அவர் இணங்கவில்லை. அதற்காகத் தோழர்கள் முன்னிலையில் அவர் விசாரிக்கப்பட்டார். தவறை ஒப்புக்கொண்டு பணியும்படி கேட்கப்பட்டார். பணியாமல் விலகினார். அந்த அவமானத்தை அவர் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. இயக்கங்களுக்குள் நடந்த விசாரணைகளை அறிந்த எம்மவருக்கு இது விளங்குவதற்குக் கடினமான விடயமல்ல.

பின்னர் அவர் உச்சிக்கு வந்தார். 1947இல் 'அக்டர்ஸ் ஸ்ரூடியோ'வைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர். அதே ஆண்டில் ரென்னசி வில்லியம்சின் நாடகத்தில் மார்லன் பிராண்டோவை மேடையேற்றினார். 1949இல் ஆர்தர் மில்லரின் 'ஒரு விற்பனையாளனின் மரணம்' நாடகத்தை நெறிப்படுத்தினார். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்க மேடையிலும் திரையிலும் அவருக்கு இணையான நெறியாளர் இல்லை என்றே சொல்லலாம்.

அந்தக் காலத்தில்தான் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் 'அமெரிக்க விரோத நடவடிக்கைகள் குழு' ஹொலிவுட்டை நோக்கித் திரும்பியிருந்தது. 1947இல் குழுவின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுத்த பத்துப் பேர் பின்னர் சிறைக்குப் போனார்கள். அதன்பின் கறுப்புப் பட்டியல் வந்தது. விசாரணைக்கு அழைக்கப்படுபவருக்கு இரண்டு வழிகள்தான். பழைய தோழர்களின் பெயர்களைச் சொல்லலாம், அல்லது வேலையை இழக்கலாம்.

1952 சனவரியில் மூடிய அறையில் நடந்த விசாரணையில் கசான் தன்னைப் பற்றிச் சொன்னார், மற்றவர்களின் பெயர்களைச் சொல்ல மறுத்தார். ஏப்ரல் 10ஆம் திகதி திரும்பிவந்து சொன்னார். குரூப் தியேட்டரில் தன்னோடு கட்சியில் இருந்த எட்டுப் பேர்: லூயிஸ் லெவரெற், ஜே. எட்வேர்ட் புரோம்பேர்க், ஃபீபி பிராண்ட், மொரிஸ் கார்னோவ்ஸ்கி, ரொனி கிரேபர், போலா மில்லர், கிளிஃபேர்ட் ஒடெற்ஸ், ஆர்ட் ஸ்மித். இவர்களில் ஒடெற்சிடமும் போலாவிடமும் முன்கூட்டியே கதைத்திருந்தார். ஒடெற்ஸ் அடுத்த மாதமே தானும் போய்ப் பெயர்களைச் சொன்னார். புரோம்பேர்க் அதற்கு நான்கு மாதங்கள் முன்னரே இறந்துபோயிருந்தார். இருதய நோயாளியான அவரையும் குழு விசாரணைக்கு அழைத்திருந்தது. வேலை தேடி இலண்டன் போன இடத்தில் 1951 டிசம்பரில் உயிர் போயிற்று. இறந்தவரின் பெயரையும் கசான் சொன்னார்.

இரண்டு நாட்களின் பின் 'நியூயோர்க் டைம்ஸ்' பத்திரிகையில் பணம் கொடுத்து ஒரு விளம்பரம் வெளியிட்டார். தான் செய்தது சரி, மற்றவர்களும் இதையே செய்யவேண்டும் என்பது அதன் சாரம். அவரது பழைய நண்பர்கள் பலர், பெயர் சொன்னதைக் காட்டிலும் இந்த விளம்பரத்தையே மன்னிக்க முடியாததாகக் கருதினர். அச்சத்தால் ஒருவர் விழலாம். விழுந்த இடத்தில் நின்றுகொண்டு மற்றவரையும் விழும்படி அழைப்பது வேறு விடயம்.

*

கசானின் வாதத்தை நாம் நேர்மையாகக் கேட்கவேண்டும். அதில் உண்மை இருக்கிறது. கட்சி இரகசியமாக இயங்கியது, கலைஞர்களை ஆட்டிவைத்தது, ஸ்டாலினின் கொலைகளைப் பார்க்க மறுத்தது என்றார். அவ்வளவும் சரி. கசான் மதித்த ருஷ்ய நாடக நெறியாளர் மேயர்ஹோல்ட் 1939இல் கைதுசெய்யப்பட்டு, சித்திரவதையின்கீழ் சக எழுத்தாளர்களின் பெயர்களைச் சொல்ல வைக்கப்பட்டு, 1940 பெப்ரவரி 2ஆம் திகதி மொஸ்கோவில் சுட்டுக்கொல்லப்பட்டார். 65 வயதைத் தாண்டிய அந்த மனிதர், சாகுமுன் சிறையிலிருந்து மொலோற்றோவுக்கு எழுதிய கடிதத்தில், அடிதாங்காமல் தான் சொன்னவையெல்லாம் பொய்யென்று திருப்பி எடுத்துக்கொண்டார். இதற்கெல்லாம் நியாயம் கற்பித்த ஒரு கட்சியைக் கசான் வெறுத்தார் என்றால் அந்த வெறுப்பில் பிழையில்லை.

ஆனால் கேள்வி அதுவல்ல. கட்சியைப் பற்றி அவர் ஒரு புத்தகம் எழுதியிருக்கலாம், நாடகம் போட்டிருக்கலாம், தெருச்சந்தியில் நின்று ஏசியிருக்கலாம். அதற்கெல்லாம் பெயர்கள் தேவையில்லை. குழுவுக்கும் பெயர்கள் தேவைப்படவில்லை. அவை ஏற்கெனவே அதன் கையில் இருந்தன. இதை விக்டர் நவாஸ்கி 1980இல் வெளியிட்ட நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். அப்படியானால் ஏன் கேட்டார்கள்? ஒரு மனிதன் தன் நண்பனின் பெயரைத் தன் வாயால் சொல்லும்போது அவனுக்குள் ஒன்று முறிகிறது. அந்த முறிவுதான் குழுவுக்குத் தேவைப்பட்டது. 1951இல் நடிகர் லாரி பார்க்ஸ், தன்னைப் பற்றி எதையும் கேளுங்கள், மற்றவர்களின் பெயரைச் சொல்லவைத்து என்னைச் சேற்றில் இழுக்காதீர்கள் என்று குழுவிடம் மன்றாடினார். விடவில்லை. கடைசியில் மூடிய கதவுக்குள் சொன்னார். அதன்பின்னும் அவரது திரைவாழ்க்கை மீளவில்லை.

தன் கருத்தை மாற்றிக்கொள்ள எவருக்கும் உரிமையுண்டு. அந்த மாற்றத்துக்கான விலையை இன்னொருவரின் சோற்றிலிருந்து எடுத்துக் கொடுக்க உரிமையில்லை. கசான் சொன்ன பெயர்களுக்குரியவர்கள் எவரையும் கொன்றவர்களல்லர், உளவு பார்த்தவர்களுமல்லர். நாடகக்காரர்கள். மொரிஸ் கார்னோவ்ஸ்கியும் ஃபீபி பிராண்டும் கணவன் மனைவி. இருவருக்கும் திரையுலகின் கதவு மூடப்பட்டது. கார்னோவ்ஸ்கி பின்னர் சேக்ஸ்பியர் நாடகங்களில் தன் இடத்தைத் தேடிக்கொண்டார். ஃபீபி பிராண்டை நாம் திரையில் பார்ப்பது 1994இல், லூயி மாலின் 'வான்யா ஒன் 42ஆம் ஸ்றீட்' படத்தில், கிழத் தாதியாக. கசான் சாட்சியமளித்து 42 வருடங்கள் கடந்துவிட்டிருந்தன.

கசானுக்கு வேறு வழி இருந்ததா? இருந்தது. கறுப்புப் பட்டியலின் பிடி ஹொலிவுட்டில் இறுகியிருந்தது போல நியூயோர்க் நாடக மேடையில் இறுகியிருக்கவில்லை. அங்கே முதன்மையான நெறியாளர் அவர்தான். மறுத்திருந்தால் படங்களும் பெரும் பணமும் போயிருக்கும். பட்டினி வந்திராது, உயிரும் போயிராது. அடித்து நொறுக்கப்பட்ட மேயர்ஹோல்ட் தான் சொன்ன பெயர்களைத் திருப்பி எடுத்தார். ஒரு அடியும் வாங்காத கசான் விளம்பரம் போட்டார்.

*

1954இல் கசானின் 'ஒன் த வோட்டர்ஃபிரண்ட்' வெளிவந்தது. நியூயோர்க்குக்கு எதிர்க்கரையிலுள்ள ஹொபோகன் துறைமுகத்தில், உண்மையான கப்பல்துறைத் தொழிலாளர்கள் நடுவே எடுக்கப்பட்ட படம். திரைக்கதை எழுதிய பட் ஷுல்பேர்க்கும் முக்கிய நடிகர்களில் ஒருவரான லீ ஜே. கொப்பும் கசானைப்போலவே குழுவின் முன் பெயர்களைச் சொன்னவர்கள். எட்டு ஒஸ்கார் விருதுகள் கிடைத்தன. அதுவும் எட்டுத்தான்.

தொழிற்சங்கத்தைக் கைப்பற்றிய ஒரு ரவுடிக் கும்பல் துறைமுகத்தை ஆள்கிறது. எதிர்த்து வாய்திறப்பவன் கூரையிலிருந்து தள்ளப்பட்டுச் சாகிறான். செவிடும் ஊமையுமாய் இருப்பதே அங்கு பிழைக்கும் வழி. பிராண்டோ நடித்த ரெரி மலோய் என்ற முன்னாள் குத்துச்சண்டைக்காரன் அந்தக் கும்பலுக்கு எடுபிடி. தன் அண்ணனையும் கும்பல் கொன்றபின் விசாரணை ஆணைக்குழுவின் முன் போய் உண்மையைச் சொல்கிறான். அதன்பின் ஊரே அவனுக்குப் புறமுதுகு காட்டுகிறது. அவன் வளர்த்த புறாக்களை, அவனைத் தெய்வமாய்ப் பார்த்த ஒரு சிறுவன் கழுத்தை முறித்துக் கொன்று அவன்மேல் எறிகிறான். ஆயினும் ரெரி அடிபட்டுத் தள்ளாடியபடி வேலைக்கு நடக்கும்போது தொழிலாளர்கள் அவன்பின் போகிறார்கள்.

படம் எம்மை உலுப்பிவிட்டது என்பதை மறைக்க விரும்பவில்லை. அந்தப் புறாக்கள் கிடந்த காட்சியில் எம்மில் ஒருவர் எழுந்து குசினிக்குள் போய்விட்டார். கசான் 1988இல் எழுதிய தன்வரலாற்றில், ரெரி கும்பல் தலைவனைப் பார்த்து நான் செய்ததற்கு மகிழ்கிறேன் என்று கத்தும் இடத்தில் கத்தியது தானேதான் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இவ்விடத்தில்தான் நாம் நிதானிக்கவேண்டும். ரெரி செய்தது என்ன? கொலைகாரர்களுக்கு எதிராக, அவர்களின் காலடியில் கிடந்தவன் வாய்திறந்தான். அவன் சொன்னதால் விழுந்தவர்கள் பலசாலிகள். சொன்னதால் ஆபத்தைத் தேடிக்கொண்டவன் அவன். கசான் செய்தது என்ன? ஓர் அரசின் விசாரணைக்குழுவிடம், அந்த அரசுக்கு முன் ஒன்றுமேயில்லாத நடிகர்களின் பெயர்களைச் சொன்னார். அவர் சொன்னதால் விழுந்தவர்கள் எளியவர்கள். சொன்னதால் ஆபத்திலிருந்து தப்பியவர் அவர். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒரே காரியம்: ஒரு குழு, ஒரு நாற்காலி, ஒருவன் பேசுகிறான். முதலாவதுக்குப் பெயர் சாட்சி. இரண்டாவதுக்குப் பெயர் காட்டிக்கொடுத்தல். ஒன்றை மற்றதன் உடையில் காட்டியதுதான் அப்படத்தின் கெட்டித்தனம். அதன் பொய்யும் அதுவே.

*

கசானில் இந்தப் பொய்யைக் கண்டுபிடிப்பது எமக்குச் சுலபம். எம்மிடம் அதே பொய் தலைகீழாக இருந்ததைக் காண்பதுதான் கடினம்.

எம் தலைமுறைக்குக் காட்டிக்கொடுப்பவனை வெறுக்கக் கற்றுத்தந்ததும் சினிமாதான். 1959இல் பி.ஆர். பந்துலுவின் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' வந்தபின் எட்டப்பன் என்ற சொல் எம் பள்ளிக்கூட முற்றங்கள்வரை வந்துவிட்டது. எட்டயபுரப் பாளையக்காரரின் பரம்பரைப் பட்டப்பெயர் அது. பின்னர் யார்மேலும் எறியக்கூடிய கல்லாயிற்று. அந்தக் கல்லுக்குப் பிறகு துரோகி என்ற சொல் வந்தது. அந்தச் சொல் வந்தபின் விளக்கம் கேட்பாரில்லை.

தலையாட்டியை நாம் கண்டிருக்கிறோம். ஊரைச் சுற்றிவளைத்து, ஆண்களையெல்லாம் பள்ளிக்கூட மைதானத்துக்கோ கோயில் வீதிக்கோ கொண்டுபோய் வரிசையாக நடக்கவிடுவார்கள். இலங்கை இராணுவமும் செய்தது, இந்திய இராணுவமும் செய்தது. வாகனத்துக்குள் சாக்கால் முகம் மூடிய ஒருவன், கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டைகள். அவன் தலையை ஆட்டினால் ஒருவன் போனான். அந்தச் சாக்குக்குள் இருந்தவன் யார் என்று நாம் கேட்டதில்லை. அவனும் நேற்றுவரை எம்மோடு பந்தடித்தவனாக இருக்கலாம். அவன் நகங்கள் இருந்தனவோ தெரியாது. மறுத்திருந்தால் அவனுக்குப் போயிருக்கக்கூடியது சினிமா வாய்ப்பல்ல, உயிர். கசானுக்கும் அவனுக்கும் உள்ள தூரம் அதுதான். ஆயினும் ஹொலிவுட் கசானுக்குப் பரிசு கொடுத்தது. நாங்கள் அவனை, அல்லது அவனென்று சந்தேகித்தவனை, மின்கம்பத்தில் கட்டிச் சுட்டதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எண்பதுகளில் காலையில் பால் வாங்கப் போன பிள்ளைகள், கழுத்தில் மட்டை தொங்கிய உடலைத் தாண்டிப் போயின. மட்டையில் எழுதியிருந்ததே தீர்ப்பு.

அத்தோடு நிற்கவில்லை. தன் பக்கத்தார் செய்த கொலையைக் கொலையென்று சொன்னவனுக்கும் அதே பெயரையே வைத்தோம். அவன் ரெரி மலோயைப்போல, துவக்கு வைத்திருந்தவர்களுக்கு எதிராக, துவக்கில்லாமல் வாய்திறந்தவன். அவன் சாட்சி. எம் மொழியில் இரண்டு சொற்கள் இருந்தும் நாம் ஒன்றைத்தான் பாவித்தோம். 1994 மே 1ஆம் திகதி சபாலிங்கம் பாரிசில் தன் வீட்டில் வைத்துச் சுட்டுக்கொல்லப்பட்டபோது, கடல் தாண்டியும் அந்தச் சொல் எம்மோடு வந்திருப்பது தெரிந்தது. அன்றும் எம்மில் அநேகர் செவிடும் ஊமையுமாக இருந்தோம்.

*

அந்தப் பாரிசில் எடுக்கப்பட்ட ஒரு படத்தை இங்கே கசானின் படத்துக்குப் பக்கத்தில் வைக்க விரும்புகிறோம். 'ரிஃபிஃபி', 1955. நெறியாளர் ஜூல்ஸ் டாசின். இவர் கசானின் மறுபக்கம் என்று சொல்லத்தக்கவர். ஒடெசாவிலிருந்து வந்த யூதச் சிகையலங்காரத் தொழிலாளி ஒருவரின் மகனாக 1911இல் அமெரிக்காவில் பிறந்தவர். அவரும் கட்சியில் இருந்து விலகியவர். 1951இல் நெறியாளர் எட்வேர்ட் டிமிற்றிக் அவரது பெயரைச் சொன்னார். சிறைக்குப் போன அந்தப் பத்துப் பேரில் ஒருவரான டிமிற்றிக், வெளியே வந்தபின் மனம் மாறிப் பெயர் சொன்னவர். டாசினுக்கு அமெரிக்காவில் வேலையில்லாமற் போயிற்று. ஐரோப்பாவுக்கு வந்தார், இங்கும் படங்கள் தடுக்கப்பட்டன. 1950க்கும் 1955க்கும் இடையில் அவர் நெறிப்படுத்திய படம் எதுவுமில்லை. பின்னர் சிறிய செலவில் 'ரிஃபிஃபி'யை எடுத்துக் கான் விழாவில் சிறந்த நெறியாளருக்கான பரிசைப் பெற்றார். அனத்தோலியக் கிரேக்கனான கசான் அமெரிக்கனாகி நியூயோர்க்கில் 2003இல் இறந்தார். அமெரிக்கனான டாசின் கிரேக்க நாட்டில் குடியேறி ஏதன்சில் 2008இல் இறந்தார்.

நான்கு திருடர்கள் ஒரு நகைக்கடையைக் கொள்ளையிடும் கதை அது. ஏறக்குறைய அரை மணித்தியாலம் வசனமோ இசையோ இல்லாமல் நடக்கும் அந்தக் கொள்ளைக் காட்சியைத்தான் எல்லோரும் பேசுவார்கள். எமக்கு முக்கியமானது வேறு. நால்வரில் ஒருவன், செஸார் என்ற இத்தாலியன், எதிர்க்கும்பலிடம் அகப்பட்டு, பயத்தில் தோழன் ஒருவனின் பெயரைச் சொல்லிவிடுகிறான். அந்தத் தோழனும் மனைவியும் கொல்லப்படுகிறார்கள். தலைவனான ரொனி, கட்டிவைக்கப்பட்டிருக்கும் செஸாரைக் கண்டுபிடிக்கிறான். உன்னை எனக்குப் பிடிக்கும், ஆனால் விதி உனக்குத் தெரியும்தானே என்ற தோரணையில் கதைத்துவிட்டுச் சுடுகிறான். செஸாராக நடித்தவர் டாசினேதான், வேறொரு பெயரில். தன்னைக் காட்டிக்கொடுத்த நண்பர்களின் இடத்தில் தன் உடலையே வைத்து, அதைச் சுடவைத்தார்.

பெயர் சொன்னவன் எடுத்த படத்தில் சொன்னவன் வீரனாகிறான். பெயர் சொல்லப்பட்டவன் எடுத்த படத்தில் சொன்னவன் சுடப்படுகிறான். டாசினின் கோபம் எமக்கு விளங்குகிறது. ஆனால் படம் அந்தக் கோபத்தோடு முடியவில்லை. விதியை நிறைவேற்றிய ரொனியும் கடைசியில் குண்டுபட்டு, இரத்தம் வடிய, ஒரு குழந்தையைக் காரில் ஏற்றி வீட்டில் சேர்த்துவிட்டுச் சாகிறான். நால்வரில் ஒருவரும் மிஞ்சவில்லை. மௌனத்தின் சட்டம் மீறப்பட்டபோதும் ஆட்கள் செத்தார்கள், காப்பாற்றப்பட்டபோதும் செத்தார்கள். கம்பத்தில் கட்டிச் சுட்ட சமூகமொன்றிலிருந்து வந்த எமக்கு அந்த முடிவு புதிதல்ல.

*

கசான் மீது முழுமையாகக் கோபப்படவும் எம்மால் முடியாமலிருப்பதற்கு இன்னொரு படம் காரணம். 1963இல் வந்த 'அமெரிக்கா அமெரிக்கா'. தன் மாமன் அனத்தோலியாவிலிருந்து அமெரிக்கா வந்த கதையைத் தழுவி அவரே எழுதி எடுத்தது. ஸ்டாவ்ரோஸ் என்ற கிரேக்க இளைஞன், களவு கொடுத்து, ஏமாந்து, ஏமாற்றி, கப்பலேறுகிறான். கரையிறங்க வழியில்லை. காசநோயால் பீடிக்கப்பட்ட ஹொஹானஸ் என்ற நண்பன் கடலில் குதித்து உயிரை விடுகிறான். இறந்தவனின் பெயரில் ஸ்டாவ்ரோஸ் அமெரிக்காவுக்குள் நுழைகிறான். சப்பாத்துத் துடைக்கும் வேலை கிடைக்கிறது.

இன்னொருவரின் பெயரில் எல்லை கடந்தவர்கள் எம்மிலும் இருக்கிறார்கள். படத்தை ஒட்டிய கடவுச்சீட்டில் இருந்த பெயருக்குரியவர் எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்று அறியாதவர்களும் உண்டு. வந்து சேர்ந்த நாட்டை இழந்துவிடுவோமோ என்ற பயம் என்னவென்று எமக்குத் தெரியும். கசானின் 1952ஆம் ஆண்டின் அடியில் அந்தப் பயம் இருந்திருக்கும் என்றே நினைக்கிறோம். ஒரு நண்பனின் பெயரால் உள்ளே வந்தவர்களின் பிள்ளை, நண்பர்களின் பெயர்களைக் கொடுத்து உள்ளே இருந்துகொண்டார்.

இங்கே எம்மையும் ஒரு மேசையின் முன் இருத்தினார்கள். ஓர் அதிகாரி, ஒரு மொழிபெயர்ப்பாளர், ஒரு தட்டச்சுப் பொறி. எந்த இயக்கம், யார் பொறுப்பாளர், யார் வீட்டில் தங்கினாய், அவர்கள் இப்போது எங்கே? கதை பலமாக இருந்தால்தான் அகதி அந்தஸ்து. பெயரில்லாத கதை பலமில்லாத கதை. அந்த மேசையில் நாம் என்ன சொன்னோம், எவருடைய பெயரைச் சொன்னோம் என்பதை எமது பத்திரிகைகளில் இதுவரை எழுதியதாக நினைவில்லை. தலையாட்டியைப் பற்றி மட்டும் நிறையப் பேசியிருக்கிறோம்.

*

அப்படியானால் எல்லோரும் குற்றவாளிகள், ஆகவே எவரும் குற்றவாளியல்லர் என்று முடித்துவிடலாமா? அமெரிக்காவில் அப்படி முடிக்க முயன்ற ஒருவர் இருந்தார். டால்ற்றன் ட்ரம்போ. சிறைக்குப் போன பத்துப் பேரில் ஒருவர். வருடக்கணக்காகப் பொய்ப்பெயர்களில் திரைக்கதை எழுதி வாழ்ந்தவர். 1957இல் ரொபேர்ட் ரிச் என்ற இல்லாத மனிதனுக்கு வழங்கப்பட்ட ஒஸ்கார் அவருடையது. அது அவர் கைக்கு வந்தது 1975இல். அவர் 1970இல் எழுத்தாளர் சங்க விருதொன்றைப் பெற்றபோது, அந்தக் காலத்தில் வீரர்களையோ வில்லன்களையோ தேடாதீர்கள், எல்லோரும் பலியானவர்கள்தான் என்ற பொருளில் பேசினார். அவரோடு சிறைசென்ற அல்பேர்ட் மால்ற்ஸ் அதை ஏற்கவில்லை. பெயர் சொன்னவனையும் சொல்லாமல் வருடக்கணக்காக வேலையிழந்தவனையும் ஒரே வரிசையில் நிறுத்துவது நியாயமல்ல என்றார். ட்ரம்போவின் மனம் பெரியது. நியாயம் மால்ற்சின் பக்கம் என்றே எமக்குப் படுகிறது. மன்னிக்கலாம், ஆனால் மன்னிப்பதற்கு முன் நடந்தது இன்னதென்று தெரிந்திருக்கவேண்டும். வேறுபாட்டை அழித்துவிட்டு வருவது மன்னிப்பாகாது, அது மறதி.

ஆர்தர் மில்லர் இதை வேறுவிதமாக வாழ்ந்து காட்டினார். சாட்சியமளிக்கப் போவதைக் கசான் முன்கூட்டியே அவரிடம் சொன்னார். மில்லர் அங்கிருந்து சேலம் நகரத்துக்குப் போனார், 1692இல் அங்கு நடந்த சூனியக்கார விசாரணைகளின் பதிவுகளைப் படிப்பதற்கு. 1953இல் 'த குருசிபிள்' நாடகம் வந்தது. மற்றவர்களின் பெயரைச் சொல்ல மறுத்து, தன் பெயரையும் விற்க மறுத்துத் தூக்குக்குப் போகும் ஒருவனின் கதை. 1956இல் மில்லரே குழுவின் முன் நிறுத்தப்பட்டார். பெயர் சொல்ல மறுத்தார். 1957இல் குற்றவாளியாகக் காணப்பட்டு, 1958இல் மேன்முறையீட்டில் விடுபட்டார். 1964இல் தன் நாடகத்தை நெறிப்படுத்தக் கசானுடன் மீண்டும் வேலை செய்தார். 1999இல் அந்த விருதையும் அவர் எதிர்க்கவில்லை. கசான் செய்தது பிழை என்ற கருத்திலிருந்தும் அவர் கடைசிவரை இறங்கவில்லை.

கறுப்புப் பட்டியலால் 1948க்கும் 1969க்கும் இடையில் ஒரு படமும் நெறிப்படுத்த முடியாமற்போன ஏப்ரகாம் பொலொன்ஸ்கி அந்த விருதை வெளிப்படையாக எதிர்த்தார். 21 வருடங்களைப் பறிகொடுத்தவருக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் அவரும் கசானின் படங்களை எரிக்கச் சொல்லி இயக்கம் நடத்தவில்லை.

ஆகவேதான் அந்த 1999 மார்ச் இரவுக்கு மீண்டும் வருகிறோம். மேடையில் ஒரு கிழவர். அவர் பெரிய கலைஞர், சந்தேகமில்லை. அவர் நண்பர்களைக் காட்டிக்கொடுத்தார், அதிலும் சந்தேகமில்லை. சிலர் எழுந்தார்கள், சிலர் எழவில்லை. எழாதவர்களை எவரும் இழுத்துப்போகவில்லை. எழுந்தவர்களின் வீட்டுக் கதவை அன்றிரவு எவரும் தட்டவில்லை. மேடையில் நின்றவரும் உயிரோடு வீடு போனார், தன் செயலோடும் போனார். ஒரு சமூகம் தன் காட்டிக்கொடுப்பவனுக்கு முன் கதிரையில் இருந்துகொண்டு, எழாமல், தட்டாமல், அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்பதை நாம் அன்றுதான் கண்டோம். அதுவும் ஒரு தீர்ப்பு. அதில் இரத்தமில்லை.

எம்மிடம் மாலை இருந்தது, மின்கம்பம் இருந்தது. இடையில் ஒரு கதிரை இருக்கவில்லை. நண்பரின் முதலாவது கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம்: தலையாட்டிக்குப் பரிசு வேண்டியதில்லை. இரண்டாவதற்கும் சொல்லவேண்டும்: எங்கட ஆக்களிடம் அகப்பட்டிருந்தால் கசான் இருந்திருக்கமாட்டார், அவரைப் பற்றிச் சாட்சி சொல்ல முன்வந்தவரும் இருந்திருக்கமாட்டார். 2009க்குப் பிறகு சாட்சிகள் வேண்டும், சாட்சிகள் வேண்டும் என்று உலகத்திடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். கேட்பது நியாயம். அப்படிக் கேட்கிற நாம், எம்மிடையே சாட்சி சொல்ல வந்தவர்களுக்கு என்ன பெயர் வைத்தோம் என்பதையும் ஒருமுறை எழுதிப் பார்க்கவேண்டும். அந்தப் பட்டியல் எட்டுப் பெயர்களுடன் முடியாது.